இருபத்தாறு

போன கிறிஸ்துமஸுக்குத் திறந்தபோது
நெயில் பாலிஷ் வாடை.
பங்குச்சாமி ஒரு மிடறு குடித்து
'நல்ல வீரியம்' என்றார்.
கிளாஸை கேக் தட்டுக்குப் பின்னால்
மெல்ல நகர்த்தி வைத்தார்.
நான் பார்த்தேன்.

வீட்டில் திராட்சையைக் குறை சொன்னார்கள்,
ஈஸ்ட்டை, பரணியை,
மூடியைத் திறந்து திறந்து பார்த்த என் கையை.
கருங்கல்லின் அக்டோபரை
ஒருவரும் குறை சொல்லவில்லை.

மருந்துக் கடையில் வேலை எனக்கு.
'குளிர்ந்த இடத்தில் வைக்கவும்' என்று அச்சடித்த பெட்டிகளை
நாளெல்லாம் எடுத்துக் கொடுக்கிறேன்.
அது எந்த இடம் என்று
எவரும் கேட்டதில்லை.

இந்த வருடம்
வடசேரியில் மீன்தொட்டி விற்கிற கடையில்
எண்பது ரூபாய்க்கு ஒரு தெர்மாமீட்டர்.
அடுக்களை முப்பத்தொன்று.
பரணிக்குள் முப்பத்து நான்கு.
மேலே உள்ள மூன்றும் அடுப்பினுடையது அல்ல,
வெயிலினுடையதும் அல்ல.
சீனியைத் தின்னத் தின்ன
ஈஸ்ட் தானே காய்கிறது,
நடுராத்திரியிலும்.

முதலில் சாரத்தை நனைத்துச் சுற்றினேன்,
பெனட்டின் நீலக் கட்டம் போட்டது.
மேசை விசிறியைத் திருப்பி வைத்தேன்.
மதுரையில் இது போதும் என்றாள்
அங்கே வாழ்க்கைப்பட்ட நாத்தனார்.
இங்கே காற்றே நனைந்துதான் வருகிறது;
துணியின் ஈரத்தை வாங்கிக்கொள்ள
அதனிடம் இடமில்லை.
ஒரு டிகிரி இறங்கியது. அதோடு சரி.

பிறகு அண்டா.
பரணியின் கழுத்தளவு கிணற்றுத் தண்ணீர்.
அதில் கல்லாய் உறைந்த பாட்டில்கள்:
கடைக்குப் போகுமுன் இரண்டு,
வந்ததும் இரண்டு,
ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து மூன்று.
ஃப்ரீசரில் மீனுக்கு இடமில்லாமல் போக
நெத்திலியை அன்றன்றைக்கு வாங்கி வந்தார் பெனட்,
ஒன்றும் சொல்லாமல்,
கதவை மட்டும் கொஞ்சம் பலமாகச் சாத்தி.

இருபத்தாறு.
நாலு நாள் இருபத்தாறு.
குமிழிகள் அவசரமில்லாமல் வந்தன,
பூசை முடிந்து இறங்குகிறவர்கள் போல
ஒவ்வொன்றாய், வாசலில் நின்று பேசி.

ஐந்தாம் நாள் இடி. கரண்ட் போயிற்று.
மழை கொட்டியும் புழுக்கம் அடங்கவில்லை.
எட்டரைக்குப் பின்வீட்டு மரிய லீமா
குடையில்லாமல் வந்து நின்றாள்.
கையில் தூக்குவாளி,
உள்ளே மாமனாரின் இன்சுலின்.
'எக்கா, உனக்க ஃப்ரிட்ஜில ஐஸ் கிடக்கா?'

ஒரு ராத்திரியில் அது கெட்டுப்போகாது.
கடையில் நூறு பேருக்குச் சொன்னதுதான்.
அவளுக்கும் சொன்னேன்.
தலையாட்டினாள்.
போகவில்லை.
சேலை நுனியிலிருந்து சொட்டியது.

மிச்சம் மூன்று பாட்டில்.
பரணி உள்ளே முனகிக்கொண்டிருந்தது.
இரண்டைக் கொடுத்தேன்.
ஏன் இரண்டு, ஏன் மூன்றில்லை, ஏன் ஒன்றில்லை,
இன்றும் அந்தக் கணக்கு எனக்குத் தீரவில்லை.

பதினொரு மணிக்கு இருபத்தெட்டு.
கிணற்றில் கோரிக் கோரி அண்டாவை மாற்றினேன்;
பெனட் டார்ச் பிடித்தார், கொட்டாவி விட்டபடி.
விடியும்போது முப்பத்தொன்று.
குமிழிகள் ஒன்றை ஒன்று தள்ளின.
கரண்ட் வந்தது மறுநாள் மத்தியானம்.
பாட்டில்கள் வந்தது அதற்கும் மறுநாள்,
கழுவி, தண்ணீர் நிறைத்து,
சாளை வாடையோடு.

கிறிஸ்துமஸுக்குப் பங்குச்சாமி மாறிவிட்டார்.
புதியவர் இரண்டாவது கிளாஸ் கேட்டார்.
பெனட் என்னைப் பார்த்துப் புருவம் தூக்கினார்.

சாயங்காலம் லீமாவின் மாமனார் வந்தார்,
மருமகள் பாராத நேரமாய்.
'எவ்வளவு சீனி போட்ட மோளே?'
'ஈஸ்ட் தின்னது போக மிச்சம்.'
'அப்போ எனக்க சேக்காளிதான் அது' என்று
கால் கிளாஸுக்குக் கை நீட்டினார்.
அதில் பாதி ஊற்றினேன்.

எல்லோரும் போனபின்
நின்றபடியே நானும் குடித்தேன்.
திராட்சை, கிராம்பு,
இருபத்தாறின் நாலு நாள்.
கடைசியில், நாக்கின் ஓரத்தில்,
மிக மெல்லிதாய்
நெயில் பாலிஷ்.